சாராயம் வேறு, பதநீர் வேறு

அரபு மொழியில் 'அரக்' என்றால் வியர்வை. ஊறலைக் காய்ச்சும்போது எழும் ஆவி குளிர்ந்து, வியர்வைபோலத் துளித்துளியாக வடிவதால் சாராயத்துக்கு அப்பெயர் வந்தது. ஆங்கிலேயர் வாயில் அது 'அராக்' ஆயிற்று. இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்தும், ஜாவாவில் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தும் வடிப்பது அராக்தான். ஆக, பெயர் மூலப்பொருளுக்கன்று. காய்ச்சி வடிக்கும் முறைக்கே.

கள் காய்ச்சி வடித்ததன்று. பாளைச் சாறு தானே புளித்தது. பதநீரோ, சுண்ணாம்பு சேர்த்துப் புளிக்காமல் காத்த இனிப்புச் சாறு. தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, பதநீருக்கு அன்று. மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பேசினால் நட்டம் பனை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கே.

சுண்ணாம்பு குறைந்தால் பதநீரும் கள்ளாகும். கலயத்தை நன்கு கழுவி, ஒவ்வொரு முறையும் புதுச் சுண்ணாம்பு தடவுங்கள். பதநீரின் பெயரைக் காப்பது உங்கள் கையில்தான் உள்ளது.