100-க்கு 14 பேர் சொன்னது மக்கள் தீர்ப்பா?

அமெரிக்காவில் பிரைமரி தேர்தல் வந்தால் போதும், முதலாளித்துவப் பத்திரிகைகள் தம்பட்டம் அடிக்கத் தொடங்கிவிடும். அங்கே வேட்பாளரைக் கட்சித் தலைவர்கள் பொறுக்குவதில்லையாம், மக்களே பொறுக்குகிறார்களாம்!

அந்த மக்கள் எத்தனை பேர்? கணக்குப் பார்ப்போம்.

2016-ம் ஆண்டில் இரு பெரிய கட்சிகளின் பிரைமரிகளிலும் சேர்த்து வாக்களித்தவர்கள், தகுதி உள்ளவர்களில் 100-க்கு 30 பேர்கூட இல்லை. டிரம்ப் பெற்றது சுமார் 1 கோடி 40 லட்சம் வாக்கு. ஹிலாரி கிளின்டன் பெற்றது சுமார் 1 கோடி 70 லட்சம். வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களோ சுமார் 23 கோடிப் பேர். ஆக, இவ்விருவரையும் களத்தில் நிறுத்தியவர்கள் 100-க்கு ஏறக்குறைய 14 பேர். மீதி 86 பேர் வேறு ஒருவருக்குப் போட்டார்கள். அல்லது போடவே இல்லை. ஆனால் நவம்பரில் இந்த இருவரில் ஒருவரைத்தான் நாடு ஏற்க வேண்டியிருந்தது.

வராதவர்கள் சோம்பேறிகள் என்கிறார்கள் பண்டிதர்கள். பிரைமரிகளில் பெரும்பாலானவை நடப்பது செவ்வாய்க்கிழமை, வேலை நாள். மணிக் கணக்கில் கூலி வாங்குபவன் வரிசையில் நின்றால் பல இடங்களில் அவன் கூலி போகும். பகல் ஷிப்டு ஓடும் நேரத்தில் சங்கத் தேர்தல் பெட்டியை ஊர்க் கோடியில் வைத்துவிட்டு, தொழிலாளிக்கு அக்கறை இல்லை என்று சொன்னால் நாம் ஒப்புவோமா?

நியூயார்க் மாநிலத்தைப் பாருங்கள். 2016 ஏப்ரல் பிரைமரியில் கட்சி மாறி வாக்களிக்க விரும்பிய வாக்காளர், 2015 அக்டோபரிலேயே அதைப் பதிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே கதவை அடைத்துவிட்டார்கள்!

இந்தக் கதவடைப்பு பழைய வித்தை. 1923-ல் டெக்ஸாஸ் மாநிலம் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் கறுப்பின மக்கள் வாக்களிக்கக் கூடாதென்று சட்டமே போட்டது. அந்நாளில் தென் மாநிலங்களில் அந்தப் பிரைமரியில் வென்றவரே நவம்பரிலும் வெல்வார். அங்கே நுழைய விடாதது, தேர்தலிலேயே நுழைய விடாததற்குச் சமம். 1944-ல்தான் சுப்ரீம் கோர்ட் இந்த அக்கிரமத்துக்கு இறுதியாக முடிவு கட்டியது.

பிரைமரிக்கு அதிகம் பேர் வந்த கட்சியே நவம்பரில் வெல்லும் என்றும் ஜோசியம் சொல்கிறார்கள். 1988-ல் ஜனநாயகக் கட்சிப் பிரைமரிகளில் வாக்களித்தவர்கள் சுமார் 2 கோடி 30 லட்சம். குடியரசுக் கட்சியில் சுமார் 1 கோடி 20 லட்சம். நவம்பரில் வென்றவரோ குடியரசுக் கட்சியின் புஷ், அதுவும் 40 மாநிலங்களில்! ஜோசியம் என்ன ஆயிற்று?

அப்படியானால் பிரைமரி வெறும் பித்தலாட்டம் என்று கைகழுவலாமா? கூடாது. 2018-ல் நியூயார்க் நகரின் ஒரு தொகுதியில், மதுக்கடையில் பரிமாறி வந்த ஒக்காசியோ-கோர்டெஸ் என்ற இளம்பெண், அந்த வட்டாரக் கட்சித் தலைவரான கிரவுலியைத் தோற்கடித்தார். மகிழ்ந்தவர்களுக்கும் நாம் கணக்கைச் சொல்கிறோம். சுமார் 7 லட்சம் ஜனங்கள் வாழும் அத்தொகுதியில் வாக்களித்தவர்கள் 30 ஆயிரம் பேர்கூட இல்லை. சுமார் 17 ஆயிரம் வாக்கே பெரும்புள்ளியை வீழ்த்தப் போதுமானதாக இருந்தது. இது ஊர் திரண்டதைக் காட்டவில்லை. ஆள் வராத களத்தில், வீடு வீடாய்க் கதவைத் தட்டியவர்களின் பலத்தைக் காட்டுகிறது. அதே களத்தில் பணமூட்டைக்காரனும் சில ஆயிரம் வாக்கைக் கொண்டு காரியத்தை முடித்துக்கொள்வான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே தோழர்களே, யார் வென்றார் என்று பத்திரிகை சொல்லட்டும். எத்தனை பேர் வந்தார்கள், வராதவர் யார், அவரைத் தடுத்தது எது என்று நாம் கேட்போம். வராதவர் பட்டியலில்தான் உழைப்பாளி இருக்கிறான். அவன் வரும்வரை அதை மக்கள் தீர்ப்பு என்று சொல்ல நாம் தயாராக இல்லை.