நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. "அப்பா, எனக்கு ஒரு நாய்க்குட்டி வேணும்ப்பா" என்று பிள்ளை நச்சரிக்கிறது. நீங்களும் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டி, புசுபுசுவென்று ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். வீடே அமர்க்களப்படுகிறது!

ஒரு வருஷம் போகட்டும். குட்டி பெரிய நாயாகிவிடும். செருப்பைக் கடிக்கும். வீடெல்லாம் முடி கொட்டும். பள்ளிக்கூடம், டியூஷன் என்று பிள்ளைக்கு நேரமே இருக்காது. "இதை யாரால கட்டி மேய்க்க முடியும்?" என்று வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பிக்கும். அப்புறம் என்ன? ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் ஏற்றி, ஒரு விலங்குகள் காப்பகத்து வாசலில் கட்டிப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள் சிலர்.

"காப்பகம் எதுக்கு இருக்கு? அவங்க பார்த்துப்பாங்க!" இந்த நினைப்புதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தினர் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸைப் பாருங்கள். அடிபட்ட, ஆதரவற்ற பிராணிகளுக்காகத் தொடங்கப்பட்ட இடம் அது. தெருநாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யும் வேலையை 1964-லேயே ஆரம்பித்தவர்கள். நாம் கைகழுவிய நாய் இப்படி ஒரு இடத்தில் கூண்டை அடைத்துக்கொண்டால், லாரியில் அடிபட்டு வரும் நாய்க்கு இடம் எங்கே? வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அதனால் நான் சொல்வது இதுதான். நாய் வளர்க்க உண்மையிலேயே ஆசையா? கடைக்குப் போகாதீர்கள். காப்பகத்துக்குப் போங்கள். குட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்காமல், வளர்ந்த நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுங்கள். குட்டி பிற்பாடு எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும்? வளர்ந்த நாயின் குணமோ காப்பகத்து ஊழியருக்கு அத்துப்படி. குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, பூனையைக் கண்டால் துரத்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம்ம ஊர் வெயிலுக்குப் பழகிய உடம்பு வேறு. ஏ.ஸி. கேட்காது!

"ஐயையோ, தெருநாயா? ரேபிஸ் வந்துடாதா?" என்றுதானே பயப்படுகிறீர்கள்? பயம் நியாயமானதுதான். ரேபிஸ் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால், அந்தக் கிருமி ரகம் பார்த்து வருவதில்லை. தடுப்பூசி போடாத நாய் எந்த ரகமாக இருந்தாலும் ஆபத்துதான். தத்தெடுக்கும்போதே எந்தெந்த ஊசி போட்டாச்சு, கருத்தடை ஆகிவிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்த வாரமே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து, ரேபிஸ் ஊசி எல்லாம் அவர் சொல்கிற தேதியில் தவறாமல் நடக்கட்டும்.

நாய் கடித்தாலோ, பல்லோ நகமோ பட்டுக் கீறினாலோ மஞ்சள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "நம்ம வீட்டு நாய்தானே" என்று அலட்சியம் வேண்டாம்.

புது இடத்துக்கு வந்த நாய் முதலில் மூலையில் பதுங்கும். சாப்பிடாது. மிரளும். சில வாரம் பொறுமையாக இருங்கள். அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பிள்ளைகள் தொடக் கூடாது. கைக்குழந்தையோடு எந்த நாயையும் தனியே விடாதீர்கள்.

2025 ஆகஸ்ட் 22-ல் தெருநாய்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றது. கூடவே, அந்த நாய் மறுபடி தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்றும் சொன்னது. அந்த இரண்டாவது வரியை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு ஆயுசு பத்துப் பன்னிரண்டு வருஷம். இன்று ஆறாவது படிக்கும் உங்கள் பிள்ளை காலேஜ் முடிக்கும்வரை அது கூடவே இருக்கும். "ஒரு நாய் தர்றதுக்கு இத்தனை கேள்வியா?" என்று காப்பகத்தில் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கேட்பது இந்தப் பொறுப்பைப் பற்றித்தான்.

பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கிறதா? வீட்டில் யாருக்காவது நாய் முடி பட்டால் வீஸிங் வருகிறதா? அப்படியானால் தத்தெடுக்க வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேறு விதமாக உதவலாமே! பழைய பெட்ஷீட், பேப்பர், சாக்கு, அரிசி... எது தேவை என்று போனில் கேட்டுக்கொண்டு கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு நாயின் கருத்தடை ஆபரேஷன் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறந்து தெருவில் சாகப்போகும் எத்தனையோ குட்டிகளின் கஷ்டம் அதோடு தீரும்.

இந்த லீவுக்குப் பிள்ளையை ஒரு தடவை காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். மூணு காலோடு ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்த பிறகும் உங்கள் பிள்ளை கடை நாய்தான் வேண்டும் என்று கேட்குமா, என்ன?