ஜாமீன் உண்டு, ஜாமீன்தார் இல்லை!



நமது சாலில் சைக்கிளில் இட்லி விற்றுக்கொண்டிருந்த தம்பி ஒருவரை ஐந்து மாதமாகக் காணோம். ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள் சிலர். சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார் என்றார்கள் வேறு சிலர். அவருடைய மனைவியோ எதிரில் வருபவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்து நடந்தார். விடியற்காலை மூன்று மணிக்கு எரியும் அந்த வீட்டு அடுப்பு எரியவில்லை. இட்லிப் பானை கவிழ்ந்து கிடந்தது. சங்கத்துக்கு விஷயம் வந்தபோதுதான் நமக்குத் தெரிந்தது: அவர் ஊருக்குப் போகவில்லை. நாம் தினமும் லோக்கல் ரயிலில் கடந்து போகிற தூரத்தில், ஒரு சிறையில் கிடந்தார்.

அவர் செய்த குற்றம் என்ன? பழைய செல்போன் ஒன்றை யாரிடமோ விலைக்கு வாங்கினார். அது திருட்டுப் போன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று வழக்கு. தெரிந்து வாங்கினாரா, தெரியாமல் வாங்கினாரா? அதை விசாரித்துச் சொல்ல வேண்டியது கோர்ட்டு. அந்த விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை.

இதில் வேதனை எங்கே இருக்கிறது, கேளுங்கள். பிடிபட்ட பன்னிரண்டாம் நாளே அவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது! 15,000 ரூபாய்க்கு உள்ளூர் ஜாமீன்தார் ஒருவர் வேண்டும் என்று உத்தரவு. அந்த ஒருவர் கிடைக்காமல்தான் மீதி மாதங்கள் அத்தனையும் உள்ளே இருந்தார். குற்றத்துக்காக அல்ல, தோழர்களே! இந்த நகரத்தில் சொத்துள்ள ஒரு மனிதரைத் தெரியாமல் இருந்ததற்காக!

நாங்கள் முலாகாத்துக்குப் போனோம். இரண்டு மணி நேரம் வரிசை, சில நிமிடப் பேச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொறி பிடித்த கைகளை மறைத்துக்கொண்டு நின்றார். "எப்படி இருக்கே தம்பி?" என்று கேட்டோம். "தூங்கத்தான் முடியல அண்ணாச்சி. முறை வச்சுத் தூங்குதோம். திரும்பிப் படுக்கணும்னா பக்கத்துல உள்ளவன எழுப்பணும்" என்றார். அதற்குமேல் பேச விடவில்லை.

பண்டிகைக் காலத்தில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஊருக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? கக்கூஸ் வாசலில் கால் மடக்கி உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் தோளில் தலை சாய்த்து, ஓர் இரவைத் தள்ளியிருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் இறங்குகிற ஸ்டேஷன் உண்டு. டைம்டேபிள் உண்டு. விசாரணைக் கைதியின் பெட்டிக்கு டைம்டேபிள் கிடையாது. அவருக்கு உள்ளது வாய்தா, அதற்குப் பின் இன்னொரு வாய்தா. அழைத்துப் போகக் காவலுக்குப் போலீஸ் இல்லை என்றால் அந்த வாய்தாவும் இல்லை.

அரசாங்கமே எழுதிவைத்த விதி என்ன? 2016-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு, ஒரு கைதி படுக்க 3.71 சதுர மீட்டர், அதாவது சுமார் 40 சதுர அடி, வேண்டும் என்கிறது. காகிதத்தில் 40 அடி! நடப்பில்? மும்பை ஆர்தர் ரோடு சிறை 804 பேருக்கு என்று கணக்கு எழுதிவைத்து, ஆண்டுக்கணக்கில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். இடம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் தண்ணீரும், கக்கூஸும், டாக்டர் பார்க்கும் நேரமும் சேர்ந்துதானே சுருங்கும்? வெளியிலிருந்து மணியார்டர் வருகிறவன் கேன்டீனில் சோப்பும் பிஸ்கட்டும் வாங்குகிறான். வராதவன், வருகிறவனுக்குத் துணி துவைக்கிறான். இன்னும் தண்டனையே பெறாத மனிதர்கள் நிலை இது!

ஜாதியும் கூடவே உள்ளே போகிறது. யார் சமைப்பது, யார் கக்கூஸ் கழுவுவது என்று ஜாதி பார்த்துப் பிரித்த சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது எப்போது தெரியுமா? 2024 அக்டோபரில்! விசாரணைக் கைதிகளின் பதிவேட்டில் உள்ள ஜாதிக் கட்டத்தையும் நீக்கச் சொன்னது. சுதந்திரம் வந்து எழுபத்தேழு ஆண்டு கழித்து!

இது ஒரு சிறையின் கதையும் அல்ல, ஒரு தம்பியின் கதையும் அல்ல. அரசாங்கத்தின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல்! நாட்டின் எல்லாச் சிறைகளையும் சேர்த்து இருந்த இடமோ 4,36,266 பேருக்கு. விசாரணைக் கைதிகள் மட்டுமே அத்தனை இடத்தையும் ஏறக்குறைய நிரப்பிவிட்டார்கள். குற்றம் நிரூபணமானவர்கள் அதற்கு மேல்தான். ஆகவே, சிறை நெருக்கடி தீரப் புதுக் கட்டடம் வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு நம் பதில் ஒன்றே: கட்டடம் கட்டுமுன், உள்ளே இருக்க வேண்டாதவர்களை வெளியே அனுப்புங்கள்!

உள்ளூர் ஜாமீன் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு என்ன பொருள்? வாடகை வீட்டில் இருக்கிறோம். சிலருக்கு ரேஷன் கார்டு இன்னும் ஊரில். நிலம் இருந்தால் அதுவும் ஊரில். நமக்குத் தெரிந்தவர்களும் நம்மைப் போலவே வாடகைக்கு இருப்பவர்கள். ஜாமீன் நிற்பவருக்குச் சொத்து இருக்க வேண்டும், அதற்குச் சர்டிபிகேட் வேண்டும், போலீஸ் வந்து சரிபார்க்க வேண்டும் என்றால், இட்லிக்காரருக்கு யார் கிடைப்பார்? கோர்ட்டு வாசலில் கூலிக்கு ஜாமீன் நிற்கும் தரகர்தான் கிடைப்பார். ஏழையிடம் பணம் இல்லை என்று சட்டத்துக்குத் தெரியாது. தரகருக்கு மட்டும் அவன் மனைவியின் தாலியில் எத்தனை கிராம் என்று தெரியும்!

இந்த அநியாயத்தை நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று எண்ண வேண்டாம். 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தில் அவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன் நிற்க வந்த அண்ணன் தம்பியை, வேறு மாவட்டத்துக்காரர் என்று தள்ளினார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் கொதித்துப் போய்க் கேட்டார்: தூரத்து ஊரில், சாந்தினி சௌக்கில், ஒரு தமிழனோ மலையாளியோ கன்னடியரோ தெலுங்கரோ பிடிபட்டால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாருக்கு அவன் எங்கே போவான் என்று. வேலை தேடி வந்தவனைப் பற்றித்தான் கேட்டார். நம்மைப் பற்றித்தான், தோழர்களே!

மறு ஆண்டு, 1979-இல், ஹுஸ்னாரா காதூன் வழக்கு. பீகார் சிறைகளில், குற்றம் நிரூபணமானால் கிடைக்கும் அதிகபட்சத் தண்டனையையும் தாண்டிப் பலர் விசாரணையே இல்லாமல் கிடந்தது வெளியே வந்தது. விரைவான விசாரணை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றார் நீதிபதி பகவதி. குடும்பமும் வேலையும் வேரூன்றிய ஏழையைச் சொந்தப் பிணையிலேயே விடலாம் என்றும் வழி காட்டினார்.

இவையெல்லாம் கிழவனும் கிழவியும் ஆன தீர்ப்புகள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது: ஜாமீன் உத்தரவு சிறைக்கு ஈமெயிலில் அன்றோ மறுநாளோ போக வேண்டும், ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் ஜாமீன்தார் வரவில்லை என்றால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம், உள்ளூர் ஜாமீன் கேட்பது தாமதத்துக்கு ஒரு காரணம், அதைப் போடாதிருக்கலாம். அத்தனையும் எழுத்தில் உண்டு. நம் தம்பி ஐந்து மாதம் இருந்ததும் உண்டு!

சிலர் கேட்பார்கள்: "ஜாமீனில் விட்டால் இவர்கள் ஊருக்கு ஓடிவிட மாட்டார்களா?" ஓடுகிறவன் யார், அய்யா? பெரிய கடனை வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவர்களை நாடே பார்த்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையும், கொடுத்த பாக்கியும், பதினைந்து வருட வாடிக்கையாளர்களும் உள்ள இட்லிக்காரன் எங்கே ஓடுவான்? "அப்படியானால் திருடனையெல்லாம் திறந்துவிடச் சொல்கிறீர்களா?" என்றும் கேட்பார்கள். இல்லை. குற்றம் செய்தவனை விசாரியுங்கள், விரைவாக விசாரியுங்கள், தண்டியுங்கள். பொருளைப் பறிகொடுத்தவரும் நம்மைப் போன்ற ஏழைதான். அவருக்கும் நியாயம் வேண்டும். ஆனால் முதலில் தண்டித்துவிட்டுப் பிறகு விசாரிக்காதீர்கள் என்கிறோம்.

நாங்கள் ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர்கள். குறித்த நேரத்துக்குள் வேகனைக் காலி செய்யாமல் நிறுத்தி வைத்தால் மணிக்கணக்குப் போட்டு டெமரேஜ் வசூலிக்கிறோம். இரும்பு வேகனுக்கு உள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லையா? ஐந்து மாதம் ஒரு மனிதனை நிறுத்தி வைத்ததற்கு டெமரேஜ் யார் தருவது? பீகாரில் விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் பதினான்கு ஆண்டு அடைத்து வைத்த ருதுல் ஷாவுக்கு, 1983-இல் உச்ச நீதிமன்றம் மொத்தம் 35,000 ரூபாய் தரச் சொன்னது. அதுவாவது அவருக்குக் கிடைத்தது. மற்ற லட்சங்களுக்கு?

ஏன் எந்தக் கட்சிக்கும் இதில் அக்கறை இல்லை? காரணம் எளிது. சிறையில் உள்ள விசாரணைக் கைதி தேர்தலில் நிற்கலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது! ஓட்டில்லாதவன் வீட்டுக்கு எந்தத் தலைவர் வருவார்?

தலைவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடலாமா? அந்தத் தம்பி வீட்டில் அடுப்பு எரியாததை நாம் அத்தனை பேரும் பார்த்தோம். "நமக்கெதற்கு வம்பு" என்று நடந்தோம். பொங்கலுக்குப் பந்தல் போட வசூல் செய்த நாங்களும்தான் கேட்கவில்லை. கடைசியில் ஓய்வு பெற்ற ரயில்வே அண்ணன் ஒருவர், ஒரு அறை சொந்தமாக உள்ளவர், வந்து கையெழுத்துப் போட்டார். அரை நாள் வேலை! ஐந்து மாதமாக அந்த அரை நாளைக் கொடுக்க நம்மில் ஆளில்லாமல் போனதே, அது நமக்கு வெட்கம்.

ஆகவே இவற்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். அது அரசியல் சட்டம் தந்த உரிமை.

இரண்டு: காவலில் உள்ள எவருக்கும், வருமானம் பாராமல், இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மூன்று: 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்துவிட்டால், ஜாமீன்தார் இல்லாமல் சொந்தப் பிணையில் விட வேண்டும். மற்றவருக்குப் பாதி காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவருக்கும் இது பொருந்தாது. மனுப் போட வேண்டியது சிறை அதிகாரியின் கடமை. பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான்கு: ஜாமீன் பணம் கட்ட முடியாத ஏழைக் கைதிக்கு மத்திய அரசு உதவித் திட்டம் 2023 முதல் இருக்கிறது. சில கடுமையான சட்டங்களின் கீழ் வந்த வழக்குகளுக்கு இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள், கேட்டு எழுதி வாங்குங்கள்.

சங்கம் ஒரு பதிவேடு திறந்திருக்கிறது. இந்த நகரத்தில் சொந்த அறையோ, நிரந்தர உத்தியோகமோ உள்ள நம்மவர்கள் பெயர் கொடுங்கள். யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. குடும்பத்தை விசாரித்து, சங்கம் பொறுப்பேற்று, வாய்தா தவறாமல் ஆளைக் கொண்டு நிறுத்தும். வீட்டில் யாராவது பிடிபட்டால், தாய்மார்களே, மறைக்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள். பிடிபடுவது குற்றமாகிவிடாது. மறைத்து வைத்த நாளெல்லாம் உள்ளே இருப்பவர் கணக்கில்தான் ஏறுகிறது.

அந்தத் தம்பி இப்போது மறுபடியும் சைக்கிள் மிதிக்கிறார். பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. சங்கப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறவில்லை. சொத்தில்லாதவர் ஜாமீன் நிற்க முடியாதே! ஆனால் வாய்தா நாளில் துணைக்கு ஆள் வேண்டும் என்றால் தன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

சொத்துள்ளவர்களே, நீங்கள் எப்போது வருகிறீர்கள்?