கலைந்ததும் கலைத்ததும்

"கலைந்தது" என்பது தன்வினை. "கலைத்தது" என்பது பிறவினை. பள்ளிக்கூடத்தில் நாம் இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். தவறினால் மார்க்கையும் குறைத்து விடுகிறோம். ஆஸ்பத்திரிச் சீட்டிலோ இந்த இலக்கணம் செல்லுபடியாவதில்லை. தானாகவே கர்ப்பம் கலைந்து, உதிரமும் கண்ணீருமாக வந்து சேர்ந்த ஸ்திரீயின் சீட்டிலும் "அபார்ஷன்" என்று எழுதப்படுவதுண்டு. குழந்தையை ஆவலுடன் எதிர்பார்த்திருந்தவளின் காதில் அச்சொல் ஒரு குற்றச்சாட்டாகவே விழுகிறது.

1985-ம் வருஷத்தில் ரிச்சர்டு பியர்டு என்ற ஆங்கிலேய வைத்திய நிபுணரும் அவருடைய சகாக்களும் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார்கள். தானே கலைந்த கர்ப்பத்தை இனி "மிஸ்காரியேஜ்" என்றே குறிப்பிட வேண்டும் என்றார்கள். இங்கிலாந்து டாக்டர்களின் எழுத்தில் அந்த மாறுதல் படிப்படியாகப் பரவியது.

இது வெறும் வார்த்தைச் சண்டை அன்று. அதே பத்திரிகை 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குச் சுமார் 15 கலைந்துவிடுகின்றன. தொடக்க மாதங்களில் நேர்பவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம்களில் உள்ள பிறழ்ச்சி. மாடிப்படி ஏறியதோ, தண்ணீர்க் குடம் சுமந்ததோ அன்று. இதை டாக்டர் ஒரு நிமிஷம் நின்று சொல்லாவிட்டால், அந்தப் பெண் ஆயுள் முழுவதும் தன்னையே நொந்துகொள்வாள்.

2012-ல் இங்கிலாந்தின் 'நைஸ்' என்னும் ஸ்தாபனம் சில விதிகளை வகுத்தது. துக்கச் செய்தியைப் பக்குவமாகச் சொல்ல ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளுக்குப் பயிற்சி வேண்டும் என்பது ஒன்று. ஸ்கேனில் கரு 7 மில்லிமீட்டருக்கும் குறைவாயிருந்து இதயத் துடிப்பும் தெரியாவிட்டால், உடனே தீர்ப்புச் சொல்லாமல், குறைந்தது 7 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. விதி நியாயமானதே, ஆனால் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதை விளக்காவிட்டால், அந்த ஏழு நாளும் ஏழு யுகமாகும்.

நம் ஆஸ்பத்திரிகளில் கூட்டம் அதிகம், அவகாசம் குறைவு என்பதை நாம் அறிவோம். ஆயினும், செய்தியை உறவினரிடம் மட்டும் கிசுகிசுக்காமல் அவளிடமே சொல்வதற்கும், பிள்ளை பெற்ற தாய்மாரின் வரிசையை விட்டு அவள் கட்டிலைச் சற்றுத் தள்ளிப் போடுவதற்கும் புதுக் கட்டிடம் எழுப்ப வேண்டியதில்லை.

நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடு திரும்பியவளிடம், "என்னம்மா செய்தாய்?" என்று கேட்காதீர்கள். "என்னம்மா நேர்ந்தது?" என்று கேட்டு, அவள் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள்.