கூறைச் சேலையில் ஒரு சிறு அங்கி

இடம்பெயரும்போது வயலைத் தூக்கி வர முடியாது. சிலரின் பெட்டிக்குள் கூறைச் சேலை மட்டும் வந்து சேர்ந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவும் கிட்டவில்லை.

தையல் பயிற்சி என்றால் விற்பனைக்குத் தைப்பது என்றே நினைக்கிறோம். வருமானம் வேண்டும்தான். ஆனால் ஞானஸ்நானத்துக்கும் புதுநன்மைக்கும் கடன்பட்டு உடுப்பு வாங்குவது ஏன்? தாயின் கூறையிலேயே தைக்கலாம். மடிப்பில் இற்றுப்போன பகுதியை விலக்கி வெட்டுங்கள். பருத்தியில் உள்துணி வையுங்கள். கீழ்க்கரையை அகலமாக மடித்துத் தைத்தால் அடுத்த பிள்ளைக்கு இறக்கிவிடலாம். உடப்பு போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று சரிகையைக் கறுக்கச் செய்யும். வெள்ளைத் துணியில் சுற்றி, இடைக்கிடை மடிப்பை மாற்றி வையுங்கள். சேலையே மிஞ்சாதவர்கள் புதுப் பருத்தித் துணியில் தொடங்கலாம். நாளை அதுவே குடும்பச் சொத்து.

அன்னாள் ஆண்டுதோறும் சிறிய மேலாடை தைத்து, ஆலயத்தில் விட்ட சாமுவேலிடம் கொண்டுபோனாள். பிள்ளை அவளோடு இல்லை. ஆனாலும் அவன் வளரும் அளவை அவள் மறக்கவில்லை. அந்தத் தையலே அவளது மன்றாட்டு.

அன்புத் தாய்மாரே, உள்மடிப்பில் பிள்ளையின் பெயரையும் நாளையும், விட்டுவந்த ஊரையும் நூலால் எழுதுங்கள். பதிவேடு தொலைந்தாலும் அந்த உடுப்பு சாட்சி சொல்லும்.