சுற்றாடல் பக்கம்: யானைக்கு எல்லை தெரியுமா?



யால, வில்பத்து ஆகியன 1938ஆம் ஆண்டிலேயே தேசிய பூங்காக்களாகின. காடழிப்பிலிருந்து இவை எத்தனையோ உயிர்களைக் காத்து வருகின்றன. ஆனால் யானைக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. நம் நாட்டில் யானைகள் நடமாடும் நிலப்பரப்பில் சுமார் 70 சதவீதத்தில் மக்களும் குடியிருக்கின்றனர்.

யானை விரும்பும் புல்லும் பற்றையும் அடர்காட்டில் குறைவு. கைவிட்ட சேனைகளிலும் வற்றிய குளக்கரைகளிலுமே அதிகம். ஆகவே, யானைகளைப் பூங்காவுக்குள் விரட்டி எல்லையில் மின்வேலி போட்டால் உள்ளே பட்டினி கிடக்கும்; இல்லையேல் வேலியை உடைத்து வரும். 2023இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி 150க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வேலி கிராமத்தைச் சுற்றியும், பயிர்க்காலத்தில் வயலைச் சுற்றியும் இருப்பதே நன்று. அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றினால் எஞ்சிய தாளை யானை மேயும். இவ்வேலியைப் பராமரிக்க வேண்டியவர்கள் ஊரவர்களே. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.