உபதேசியார் சரியாக இருந்தால்...

பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது யார் வேலை என்று கேட்டால், எங்கள் தலைமுறை தயங்காமல் "உபதேசியார் வேலை" என்று சொல்லும். இப்போது மறைக்கல்வி ஆசிரியர் என்கிறார்கள். பெயர் மாறியதில் எனக்கு வருத்தமில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். கேள்வியும் பதிலுமாக பிரெஞ்சில் மனப்பாடம் செய்தோம். இந்த வயதில் அது துணைக்கு வருகிறது, குறை சொல்லமாட்டேன். ஆனால் அன்று புத்தகத்தில் இருந்த கேள்வியை மட்டும்தான் கேட்டார்கள். இன்று ஜவ்வாது மலையிலும் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. குருக்கள் சிலர் சிறுவர்களுக்குச் செய்த கொடுமையும், ஆயர்கள் சிலர் அதை மூடி மறைத்ததும் உலகமெங்கும் தெரிந்த செய்தி. அதைப்பற்றி ஒரு பிள்ளை கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

புதிதாகத் திருச்சபைக்கு வருகிறவரின் கேள்வி வேறு. "உங்கள் கோவிலில் சாதி இல்லையா?" 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் வன்னியக் கத்தோலிக்கருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் நடந்த மோதலும், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததும் நாடறிந்த விஷயம். 2016-இல் இந்திய ஆயர் பேரவையே திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதை உபதேசியார் மறைப்பானேன்?

இன்னொன்று. சலுகைக்காக மதம் மாறுகிறார்கள் என்று சொல்வோர் உண்டு. அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன்: தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். பழங்குடியினருக்கு அப்படி ஒரு மத நிபந்தனை இல்லை. ஆகவே இங்குள்ள மலையாளி இனத்தவர் ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால், சான்றிதழில் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மனசுக்காக வருகிறவர். அவரிடம் பாதி உண்மை சொல்வது, பாதகமான தாளை உருவிவிட்டு ஃபைலை மேலே அனுப்புவது போன்றது. என்றைக்காவது ஒருநாள் அந்தத் தாள் வெளியே வந்தே தீரும்.

நெருக்கடி நமக்குப் புதிதல்ல. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் 1687-இல் மாறுவேடத்தில் போய்ச் சேர்ந்தபோதும் அங்கே ஜெபம் சொல்லும் குடும்பங்கள் இருந்தன. அவர் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் நம்பித்தான் வேலை செய்தார். வீரமாமுனிவரும் உபதேசியார்களுக்காக ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் 'வேதியர் ஒழுக்கம்'. தலைப்பிலேயே ஒழுக்கத்தை வைத்துவிட்டார் பாருங்கள்.

அதனால் என் யோசனை இது. பிள்ளைகள் கேட்டால், வயதுக்கு ஏற்றபடி உண்மையைச் சொல்லுங்கள். தப்பாக யார் தொட்டாலும், சாமியாராகவே இருந்தாலும், வீட்டில் வந்து சொல்வது பாவமல்ல என்பதை முதல் பாடமாக வையுங்கள். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்கட்டும், தாய்மார் வந்து உட்காரட்டும். பெரியவர்களை அவசரப்படுத்தாதீர்கள். 1972-இல் ரோமை வெளியிட்ட சடங்குமுறையே அவர்களுக்குப் படிப்படியான நீண்ட தயாரிப்பைக் கேட்கிறது. பண்டிகைக்குள் இத்தனை பேர் என்று கணக்கு முடிக்க இது மார்ச் மாத பட்ஜெட் அல்ல.

2021-இல் பாப்பரசர் பிரான்சிஸ் உபதேசியார் பணியைப் பொதுநிலையினருக்கான முறையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார். நம் பங்குகளில் இன்னும் அது, ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் அகப்பட்டுக்கொண்ட ஒரு காலேஜ் பெண்ணின் தலையில் விழுகிற வேலையாக இருக்கிறது. அவளுக்கு ஒரு வருஷம் பயிற்சி கொடுங்கள், மலையேறி வர பஸ் சார்ஜாவது கொடுங்கள். கோபுரத்துக்குப் பெயிண்ட் அடுத்த வருஷம் அடித்துக்கொள்ளலாம்.